பூக் கால்மிதி இயல்: பிட்டுத் துணி அன்பளிப்பு குறித்த ஓர் ஆராய்ச்சி

திருப்பூரைப் பற்றி எழுதியவர்கள் ஏற்றுமதியைப் பற்றி எழுதினார்கள், நொய்யல் ஆற்றைப் பற்றி எழுதினார்கள், டாலர் ஒரு ரூபாய் இறங்கினால் யார் யாருக்குத் தூக்கம் கெடும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால், அவ்வூர் பனியன் கம்பெனி ஒன்றில் நம் சொந்தக்காரர் வேலைக்குச் சேர்ந்த உடனே நம் வீட்டுக் கதவு ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கால்மிதி முளைப்பது எப்படி, கதவுகள் தீர்ந்த பிறகும் அது முளைத்துக்கொண்டே இருப்பது எதனால் என்று ஆராய ஒருவரும் முன்வரவில்லை. பொருளியலார்க்கு அது அற்பம். மானிடவியலாரோ அன்பளிப்பு முறைகளை ஆராய வேண்டுமானால் கப்பல் ஏறித்தான் ஆக வேண்டும் என்ற கொள்கை உடையவர்கள்.

இத்தனைக்கும் காலம் அவர்களுக்குக் கண்ணைக் காட்டியிருக்கிறது. 1925-ல் பாரிசில் மார்செல் மோஸ் அன்பளிப்பு பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பிச் செய்ய வேண்டும் என்ற மூன்று கடமைகளை அதில் அவர் நிறுவினார். அதே 1925-ல்தான் குலாம் காதர் திருப்பூரில் பனியன் தொழிலைத் தொடங்கினார் என்று ஊர் வரலாறு சொல்லும். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்திருக்க, இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாதது வியப்பே. அக்குறை நீக்க எழுந்தது இவ்வாராய்ச்சி.

முதற்கண் வரையறை. பிட்டுத் துணியாவது, பனியன் கம்பெனியின் கட்டிங் மேசையில் பேட்டர்னுக்குள் அடங்காமல் வெளியே நின்றதும், எடைக்குப் போகும் மூட்டைக்குள் ஏறாமல் கேட்டு வாங்கியவர் கைப்பைக்குள் ஏறியதுமான துணி. இரு நிபந்தனைகளும் வேண்டும். முதலாவது மட்டும் நிறைவேறினால் அது கட்டிங் வேஸ்ட். அதற்கு விலை உண்டு, வியாபாரி உண்டு, ஜிஎஸ்டி உண்டு. இரண்டாவதில் 'கேட்டு வாங்கியவர்' என்பதை நீக்கினால் அதற்கு வேறு பெயர் உண்டு, கேட்டில் செக்யூரிட்டியும் உண்டு.

அற்றேல், தீபாவளிக்கு ஊருக்கு வருவோர் மூட்டை கட்டி வரும் செகண்ட்ஸ் பனியனும் பிட்டுத் துணியுள் அடங்குமோ எனின், அடங்காது. செகண்ட்ஸ் என்பது உடம்பும் கையும் கழுத்தும் பெற்று, எங்கோ ஓர் ஊசி ஓட்டையினாலோ சாயத் திட்டினாலோ கப்பலேறும் பேற்றை இழந்தது. அதற்குக் காதர்பேட்டைச் சந்தை இருக்கிறது. அதைத் தேனியிலும் சிவகங்கையிலும் இளைஞர்கள் உடுத்தி, நெஞ்சில் பொறித்த வெளிநாட்டுக் கல்லூரியின் பெயர் என்னவென்று அறியாமலே அக்கல்லூரிக்குப் பெருமை சேர்க்கிறார்கள். அது தனி ஆய்வுக்குரியது.

இனிப் பிறப்பு. வேட்டிக்குப் பிட்டு இல்லை. புடவைக்கும் இல்லை. தறியிலிருந்து இறங்கியதை அப்படியே சுற்றிக்கொள்ளும் உடை அது. ஒரு நூலும் வீணாவதில்லை. வெட்டித் தைக்கும் உடை வந்த பிறகே உடம்பின் வளைவுகள் கணக்கில் வந்தன. பின்னல் துணி வட்ட மெஷினில் குழாயாக இறங்குகிறது. சாயம் ஏறி, காய்ந்து, பிரிக்கப்பட்டு, நீளமான மேசையின் மேல் அடுக்கடுக்காக விரிக்கப்படுகிறது. இதை லே போடுதல் என்பார்கள். லே நேர்கோடுகளால் ஆனது. அதிலிருந்து கழுத்துக்கு ஒரு வட்டம் போக வேண்டும். கைக்குழிக்கு இரண்டு பிறை போக வேண்டும். மார்க்கர் போடுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கம்ப்யூட்டர் எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும், நூற்றுக்குப் பத்துக்கு மேல் வெளியே நிற்பது சாதாரணம். மனிதன் சதுரமாகப் பிறந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

வெளியே நின்றதன் கதி என்ன? பெரும்பகுதிக்கு மறுபிறவி உண்டு. நிறம் நிறமாகப் பிரித்து, பேல் கட்டி, பல்லடம், வெள்ளகோவில் பக்கத்து ஓப்பன் எண்ட் மில்களுக்குப் போகிறது. அங்கே பல்சக்கரத்தில் கிழிபட்டுப் பஞ்சாகி, மீண்டும் தடித்த நூலாகி, போர்வையாகவும் கையுறையாகவும் உலகுக்குத் திரும்புகிறது. முதலிலேயே நிறம் பிரித்துவிடுவதால் அந்த நூலுக்கு மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. வெள்ளை கட்டிங்குக்கு நல்ல விலை. எந்த நிறத்தோடும் ஒட்டாதவர்க்கே முத்தி எளிது என்பது சைவர்கள் அறியாததன்று. லைக்ரா கலந்ததற்கு விலை குறைவு. அது கிழிபடாமல் இழுபடும். நான் நான் என்று நீளும். ஆணவ மலத்தை இதைவிடத் தெளிவாக விளக்கிய சாத்திரம் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை.

மறுபிறவிக்குப் போகாமல் தப்பியதே நம் பொருள். அதன் வரலாற்றை இரண்டு காலமாகப் பிரிக்கலாம். முதலாவது வெண்துணிக் காலம். பனியன் என்றால் சட்டைக்குள் போடும் வெள்ளைப் பனியன் மட்டுமே என்றிருந்த காலம் அது. அக்காலத்துப் பிட்டு பெரும்பாலும் வெள்ளை. அதிலிருந்து விளக்குத் திரியும், காயத்துக்குக் கட்டும், அடுப்படிப் பிடிதுணியும் பிறந்தன. இரண்டாவது பல்நிறக் காலம். 1978 வாக்கில் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் மும்பை வழியாகத் திருப்பூர் வந்து டி-ஷர்ட் கேட்டதில் அதன் விதை விழுந்தது. 1990-ல் ஏற்றுமதியாளர்களுக்குச் சங்கம் உண்டாகும் அளவுக்கு அது மரமானது. பிறகு கட்டிங் மேசையில் உலகத்து நிறமெல்லாம் வந்து விழுந்தது. ஆராய்ச்சியாளர்கள் அப்போது ஆற்றின் நிறத்தைக் கவனித்தார்கள். சாயக் கழிவு நொய்யலில் கலந்து, வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது வரை அந்தக் கதை எழுதப்பட்டிருக்கிறது. அது எழுதப்பட வேண்டிய கதைதான். கால்மிதியின் நிறத்தை யாரும் குறிக்கவில்லை.

குறித்திருந்தால் ஒன்று விளங்கியிருக்கும். ஐரோப்பியக் கடைகளில் கோடைக்குத் தொங்கப்போகும் துணிக்கு, பல மாதம் முன்னதாகவே பான்டோன் எண் போட்டு நிறம் ஓகே ஆகி இங்கே வெட்டு விழுந்துவிடுகிறது. வெட்டு விழுந்த வாரமே பிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆகவே, மிலான் நகரத்துச் சீமாட்டி அடுத்த ஜூனில் "இந்த ஆண்டு இதுதான் நிறம்" என்று கண்டுபிடிக்கப்போகும் பவள இளஞ்சிவப்பை, வேலம்பாளையத்துப் பூனை ஒன்று இந்தத் தை மாதமே மிதித்துச் சோம்பல் முறித்துவிட்டது. உலக ஃபேஷனின் முன்னறிவிப்பு வேண்டுவோர் பாரிஸ் போக வேண்டாம். குனிந்து வாசற்படியைப் பார்த்தால் போதும்.

அடுத்து வகைப்பாடு. பிட்டுத் துணியைத் தமிழ் மரபுப்படி உயர்திணை, அஃறிணை எனப் பிரிக்கலாமோ எனின், பிரிக்கலாம். ரிப் துணி உயர்திணை. அது இழுத்தால் வரும், விட்டால் போகும், குடும்பத்தில் எல்லாருக்கும் பொருந்தும். குழந்தைக்குத் தொப்பியாகும், பெண்பிள்ளைக்கு ஹேர் பேண்ட் ஆகும், தாத்தாவுக்கு முழங்காலில் மாட்டிக்கொள்ளும் உறையாகும். கழுத்து வட்டங்கள் அஃறிணை. சிறியவை, கூட்டமாக மட்டுமே பயன்படும். இவ்விரண்டுக்கும் நடுவே எத்திணையிலும் அடங்காத ஒன்று உண்டு. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

துணியின் கனத்தை அளக்க ஒரு கருவி வைத்திருப்பார்கள். வட்டமான, கைப்பிடி போட்ட வெட்டி. துணியின் மேல் வைத்து அழுத்தித் திருகினால், சரியாக நூறு சதுர செ.மீ. பரப்புள்ள ஒரு வட்டம் கழன்று வரும். குறுக்களவு 11 செ.மீட்டரை விடக் கொஞ்சம் கூட. அதைச் சின்னத் தராசில் வைத்து, வந்த கிராமை நூறால் பெருக்கினால் அதுவே ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. ஒன்று புள்ளி ஆறு கிராம் வந்தால் நூற்று அறுபது. அத்துடன் அந்த வட்டத்தின் பிறவிப் பயன் முடிந்தது. ஆனால் எறிய மனம் வருமா? அது கோணலே இல்லாத முழு வட்டம். திருப்பூரில் வேறு எந்தப் பிட்டும் இவ்வளவு ஒழுங்காகப் பிறப்பதில்லை. மெர்ச்சண்டைசரின் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, முதலில் டீ கிளாசுக்கு அடியில் போகிறது. பிறகு யாரோ நான்கைந்து வட்டங்களைச் சேர்த்து ஓரம் தைத்து "டீ மேட்" என்று பிறந்த நாளுக்குக் கொடுக்கிறார்கள். நூற்று நாற்பதில் ஒன்று, நூற்று எண்பதில் ஒன்று, ஃபிளீஸில் ஒன்று. எத்தனை ஜிஎஸ்எம் வரை டீயின் சூடு மேசைக்கு இறங்காது என்பது இன்று வரை அளக்கப்படாத துறை. முனைவர் பட்டம் தேடுவோர் கவனிக்க.

பிட்டின் குணங்களுள் தலையாயது சுருளுதல். சிங்கிள் ஜெர்சித் துணியை வெட்டினால் பக்க ஓரங்கள் பின்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருளும். ஒரே துணி, ஒரே வெட்டு, இரு திசைக்கும் இரு கொள்கை. தமிழ்நாட்டு அரசியலில் இதற்கு ஒப்புமை காட்டலாம். ஆராய்ச்சியின் தூய்மை கருதி விட்டுவிடுகிறேன். இந்தக் குணத்தால் தைப்பவருக்கு எரிச்சல், பின்னுபவருக்கோ லாபம். விரற்கடை அகல நாடாவாக வெட்டி இரு முனையும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால், அது தானாகக் குழலாய்ச் சுருண்டு கயிறாகிவிடும். ஓரம் மடிக்க வேண்டாம். தறித் துணியைப் போல நூல் நூலாகப் பிரிந்து கொட்டாது. அந்தக் கயிற்றை மூன்று புரியாகச் சடை பின்னி, சடையைச் சுற்றிச் சுற்றித் தைத்தால் அது ஒரு வகைக் கால்மிதி. இன்டர்லாக்கும் ரிப்பும் இப்படிச் சுருளா. அவற்றை வேறு வகைக் கால்மிதிக்கு ஒதுக்குவர்.

இங்கே ஓர் ஆசங்கை எழும். கைவேலை அன்பளிப்பு என்றால் குறுக்குத் தையல் அன்றோ? தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்த பெருக்கல் குறித் தையலும், மேட்டித் துணியில் போட்ட கிளியும், கிளிக்குக் கீழே "வெல்கம்" என்ற எழுத்தும், அதற்குக் கண்ணாடிச் சட்டமும் நம் முன்ஹால்களை ஆண்ட காலம் ஒன்று உண்டே. பிட்டுத் துணியில் அதைப் போட்டால் ஆகாதோ எனின், ஆகாது. குறுக்குத் தையல் எண்ணித் தைப்பது. மேட்டித் துணியில் ஓட்டை ஓட்டையாக எண்ணலாம். நீலகிரியில் தோடர் பெண்கள் வரைபடம் எதுவுமின்றி நூல் இழைகளையே எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பார்கள், 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டிலும் துணி அசையாமல் நிற்கிறது. பனியன் துணியோ எண்ணும்போது ஒன்று, இழுக்கும்போது ஒன்று, உடுத்தும்போது ஒன்று. அதில் கிளி போட்டால் முதல் சலவையில் வாத்தாகும். இரண்டாவதில் "வெல்கம்" என்பதன் நடு எழுத்து அண்டை வீட்டை வரவேற்கும். மேட்டித் துணியில் கிளி போக மிஞ்சிய விளிம்பை என்ன செய்வது என்று கேட்பார்க்கு விடை எளிது: அதைப் பனியன் கால்மிதியின் அடியில் வைத்துத் தைக்கலாம். அசையாதது அடியில், அசைவது மேலே. இரு மரபும் சமாதானமாக வாழ இதுவே வழி.

துண்டு சேர்த்துத் தைப்பது தாழ்ந்த வேலை என்று கருதுவாரும் உளர். அவர் விநய பிடகத்தை அறியாதவர். மகத நாட்டு வயல்கள் வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடப்பதைக் காட்டி, அதே அமைப்பில் துறவிகளுக்குத் துண்டுகளால் ஆடை தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டதாக அதில் வரும். ஆனந்தர் தைத்தார். அவ்வகையில் ஆசியாவின் முதல் பேட்டர்ன் மாஸ்டர் அவரே. நம் தேர்களில் தொங்கும் தொம்பையும் வண்ணத் துணியை வெட்டி ஒட்டித் தைத்ததுதான். உத்தர கன்னடத்துச் சித்திப் பெண்கள் பழம்புடவையில் கவந்தி என்ற ஒட்டுப் போர்வை தைக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலைச் சட்டைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால் தலையாகவே அச்சிட்டது. நம் கால்மிதி அருங்காட்சியகத்துக்குப் போகாதது கலைக் குறைவால் அன்று. அது தரையில் கிடப்பதால் விமரிசகர் கண்ணுக்கு எட்டவில்லை.

பிட்டிலிருந்து கால்மிதி அல்லாத பொருள்களும் செய்யப்படுகின்றன. அவற்றைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். பிட்டை அடைத்த தலையணை கல். ஆனால் தருமத்துக்கும் சாத்திரத்துக்கும் உட்பட்ட கல் என்பதால் விருந்தாளிக்குத் தரலாம், மறுநாள் கிளம்பிவிடுவார். பனியன் துணிப் பை கூடவே கூடாது. 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்று சொன்னபோது ஆர்வக்கோளாறில் சிலர் இதையும் தைத்தார்கள். இரண்டு தேங்காய் போட்டால் பை முழங்காலைத் தொடும், மூன்றாவதில் தரையைத் தொடும். பச்சைக் குழந்தைக்கான சட்டையும் தொப்பியும் மட்டும் குறை சொல்ல முடியாதவை. உரசாது, குத்தாது, காற்றுப் போகும். இவை அன்பளிப்பு விதிகள் அனைத்துக்கும் விலக்கு. கொடுத்த நாளிலிருந்து கிழியும் வரை பயன்படுபவை. மிக்ஸி உறையோ வரலாற்றின் விளைவு. 2011-ல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி தரத் தொடங்கியதும் ஒரு கேள்வி எழுந்தது: விலையில்லாமல் வந்ததை விலை கொடுத்து வாங்கிய துணியால் மூடுவது முறையா? முறையன்று. விலையில்லாப் பொருளுக்கு விலையில்லா உறையே பொருத்தம் என்று பெண்கள் தீர்ப்பளித்தார்கள். மேல்முறையீடு இல்லை.

இனிக் கள ஆய்வு. எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஓர் அக்கா, கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் பழைய உஷா மிதி மெஷினைப் போட்டுக்கொண்டு பூக் கால்மிதி தைப்பார். பூக் கால்மிதியே இவ்வினத்தின் உச்சம் என்பதால் செய்முறையை விரித்துரைப்பது கடமை. மூன்று அங்குலச் சதுரங்களாகப் பிட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை மடித்தால் முக்கோணம். தடித்த ஃபிளீஸ் அல்லது பழைய ஜீன்ஸில் வட்டமாக ஓர் அடித்துணி. அதன் வெளி விளிம்பிலிருந்து முக்கோணங்களை, கூர்முனை வெளியே நீட்டும்படி, ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறியிருக்க வரிசையாகத் தைத்துப் போக வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் அதன் தையலை மறைத்து உள்ளே அடுத்த சுற்று. வெளியே கருநீலம், உள்ளே வர வர வெளிறும். கடைசியில் நடுவே ஓர் ஓட்டை மிஞ்சும். எல்லாத் தையலும் அங்கே வந்து பல்லிளிக்கும். அதை மூடத்தான் ஒரு வட்டம் வேண்டும். ஆம், ஜிஎஸ்எம் வட்டம். தராசு கைவிட்டதைக் கால்மிதி எடுத்துக்கொண்டது.

"பிட்டு எங்கிருந்துங்கக்கா?" என்றேன், குறிப்பேட்டைத் திறந்துகொண்டு.

"கட்டிங் மாஸ்டரு குடுப்பாருங்க. கேட்டுத்தானுங்க எடுக்கறது" என்றார், நான் கம்பெனி ஆளோ என்ற சந்தேகத்தோடு.

"வாரம் பூராத் தெச்சுட்டு ஞாயித்துக்கிழமையும் தைக்கறீங்களே, அலுக்காதுங்களா?"

மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "அங்க தைக்கறது தோளுங்க. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் தோளு மட்டுந்தான். நான் தோளு ஜாயின்ட் போட்டா அடுத்த ஆளு கை ஏத்துவாங்க, அதுக்கடுத்த ஆளு சைடு அடிப்பாங்க. முழு பனியன் எப்பிடி இருக்கும்னு பேக்கிங்ல போயி எட்டிப் பாத்தாத்தான் தெரியும். இதுன்னா நானே ஆரம்பிச்சு நானே முடிக்கறேனுங்க. எந்தக் கலரு எங்க வெக்கறதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. பையர் கமெண்ட் வராதுங்க."

இதற்கு மேல் ஆய்வாளர் உரை எழுதத் தேவையில்லை. ஆனால் ஆய்வாளர் என்பதால் எழுத வேண்டியிருக்கிறது. பனியன் ஒன்றுக்கு ஸ்பெக் ஷீட் உண்டு. தோள் இத்தனை, கழுத்து இத்தனை, ஓர் அங்குலத்தில் இத்தனை தையல். நிறத்துக்கு லேப் டிப் என்ற மாதிரிச் சாயம் போட்டுக் கடல் கடந்து ஒப்புதல் வர வேண்டும். தைப்பவரின் விருப்பம் நுழைய அதில் ஓர் ஊசி முனை இடமும் இல்லை. பேட்டர்னுக்கு வெளியே நின்ற துண்டு எதற்கும் ஸ்பெக் இல்லை. ஆகவே அந்த ஊரில் ஒருவர் முதல் தையலிலிருந்து கடைசித் தையல் வரை தாமே தைத்து, தாமே நிறம் தேர்ந்து, தாமே சரி என்று சொல்லும் பொருள் பெரும்பாலும் பிட்டுத் துணியில்தான் பிறக்கிறது. அது யாருக்காவது கொடுக்கப்பட்டே தீர வேண்டும் என்பதில் வியப்பில்லை. முழுதாகச் செய்த ஒன்றை நாலு பேர் பார்க்க வேண்டாமா?

இதிலிருந்து அன்பளிப்பின் இயக்கத்துக்கு வருகிறோம். மானிடவியலார் மலினோவ்ஸ்கி 1922-ல் எழுதிய நூலில், பசிபிக் தீவுகளின் குலா வளையத்தில் சிவப்புச் சங்கு மாலைகள் ஒரு திசையிலும் வெள்ளை வளைகள் எதிர்த் திசையிலும் ஓயாமல் சுற்றி வருவதைக் காட்டினார். நம் வளையமும் அவ்வாறே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருப்பூரிலிருந்து கிளம்பும் பஸ்களில் கால்மிதிகள் தெற்கே போகின்றன. திரும்பும் அதே பஸ்களில் முருங்கைக்காயும், வீட்டரிசியும், கடலையும், எண்ணெய் கசியும் ஊறுகாய் டப்பாவும் வடக்கே வருகின்றன. இரு திசைப் பொருளும் சீட்டுக்கு அடியிலேயே பயணம் செய்யும். கண்டக்டர் லக்கேஜ் கேட்டால், "துணி மூட்டைதாங்க" என்பது போகும்போது விடை. "சாப்பாட்டுச் சாமானுங்க" என்பது வரும்போது விடை.

இம்மாற்றத்துக்குரிய சடங்கு மொழி மிக நுட்பமானது. போனில் "என்னம்மா கொண்டு வரட்டும்?" என்று கேட்கப்படும். "ஒண்ணும் வேணாம்த்தா, நீ வந்தாப் போதும்" என்று சொல்லப்படும். இதன் பொருள் இரண்டு கால்மிதி, ஒரு மிக்ஸி உறை. வந்து பையைத் திறந்ததும் "எதுக்கு இதெல்லாம்" என்று சொல்ல வேண்டும். "நீயே தைச்சியா?" எனக் கேட்க வேண்டும். விலை கொடுக்காததால் வேண்டாம் என மறுக்க முடியாது. கையால் தைத்ததால் எறியவும் முடியாது. இவ்விரு விதிக்கும் நடுவே அகப்பட்ட பொருள் பீரோவின் மேல் ஏறும். பீரோ நிறைந்தால் பரண். பரண் நிறைந்தால் அடுத்த தெருவில் யாராவது புதுமனை புகுவார்; கால்மிதி அங்கே போகும். அங்கிருந்து ஒரு சீமந்தம், ஒரு பணி ஓய்வு விழா. அன்பளிப்புக்குள் ஓர் ஆவி உண்டு, அது கொடுத்தவரிடமே திரும்பத் துடிக்கும் என்ற மாவோரி மக்களின் நம்பிக்கையை மோஸ் விரித்து எழுதியிருக்கிறார். அது உண்மையாயின், ஒரு நாள் அந்தக் கால்மிதி, பாலித்தீன் உறை பிரிக்கப்படாமல், தைத்த அக்காவின் மகள் சடங்குக்கே மொய்யோடு வந்து சேரும். அவர் தம் தையலைத் தாமே அடையாளம் கண்டு, "எதுக்கு இதெல்லாம்" என்பார்.

இத்தனைக்கும் மூலக் காரணம் எதுவென்று தேடியதில், ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து முட்டி நின்றேன். வாங்கிக்கொள்பவர் கால்மிதியை விரித்துப் பார்த்து, அடுக்கடுக்கான இதழ்களைத் தடவி, மனமார நல்லெண்ணத்தோடு சொல்வது: "எவ்வளவு அழகா இருக்கு! மிதிக்கவே மனசு வரலையே." பாராட்டுத்தான். ஆனால் அந்த நொடியில் கால்மிதியின் வாழ்வு முடிகிறது. அதற்குப் பிறகு அதை யார் மிதித்தாலும் சொன்ன சொல் பொய்யாகும். எனவே யாரும் மிதிப்பதில்லை. வாசலில் அரிசிச் சாக்கு கிடக்கும். பூக் கால்மிதி பீரோவின் மேல் கிடக்கும். மழைக்காலத்தில் அந்தச் சாக்கில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரும் விருந்தாளிகளுள் தைத்தவரும் ஒருவர். அவர் கண் ஒரு தடவை கீழே போய் மேலே வருவதை உற்றுப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அழகை எடுத்து வைக்க வேண்டும் என்பாருக்கு ஒரு விடை உண்டு. இது பட்டுப்புடவை அன்று. ஃபிளீஸும் இன்டர்லாக்கும் நீரை இழுத்துக்கொள்ளும், அலசினால் அழுக்கு விடும், வெயிலில் போட்டால் காயும். மடித்து வைத்தால் மடிப்பில் தூசியும் பூச்சியும் சேரும், இதழ் நசுங்கும். பயன்படுத்துவதால் அது கெடுவதைவிட வைத்திருப்பதால் கெடுவது விரைவு. எனவே, இவ்வாராய்ச்சியைப் படித்தவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பீரோவின் மேலிருக்கும் அந்தக் கால்மிதிகளை இன்றே இறக்குங்கள். வாசலில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, குளியலறைக்கு முன்னால் ஒன்று. திருப்பூர்ச் சொந்தம் அடுத்த முறை வரும்போது, அவர் பார்க்க, ஈரக் காலோடு நன்றாக மிதியுங்கள். கிழிந்துவிட்டது என்றால் தயங்காமல் சொல்லுங்கள். மறு பொங்கலுக்குள் அடுத்தது வந்துவிடும்.